மொலேஃபி பறக்கவிடாத ஞாயிறு

பறக்கவிடுவதற்கு முன்னால் மொலேஃபி தன் புல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். கண்ணை மூடுவான். வாயை லேசாக, ஒரு பட்டாணி நுழையும் அளவுக்குத் திறப்பான். பிறகு வலது குதிகாலை ஊன்றி மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுவான். வாய் திறந்திருந்தால் காது தூரம் போகும் என்பது ஆடு மேய்த்த வயதில் அவனாகக் கண்டுகொண்டது. சுற்றி முடிக்க ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சுக்குள் எந்தத் திசையிலிருந்தும் இயந்திரச் சத்தம் வரவில்லை என்றால் கண்ணைத் திறந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபூசிக்குப் போன் போடுவான்.

"மச்சான், மேல ஏதாவது இருக்கா?"

"மேல கடவுள் இருக்கார். வேற யாரும் இல்ல. விடு."

சில நாட்களில் பதில் வேறாக இருக்கும். "பத்து மணிக்கு ப்ளேன். ஒன்பதரைக்கெல்லாம் உன் பூச்சி பெட்டிக்குள்ள படுத்துரணும்." அப்படியென்றால் ஒன்பதே காலுக்கே படுத்துவிடும். இறக்கிய பிறகு இன்னொரு போன்: "இறக்கிட்டேன்." இந்த இரண்டாவது போனை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவன் ஊரான ஹா மொலாபோவில் இதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. "மொலேஃபி ஈ பிடிக்கிறான்" என்பார்கள், அவன் வாயைத் திறந்துகொண்டு சுற்றும்போது. அவன் பதில் சொல்வதில்லை. கம்பளிக் கொட்டகையில் வேலை செய்பவன் அவன். வெட்டி வரும் ஆட்டுக் கம்பளியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, இது நைஸ், இது முரடு, இது கழிவு என்று மூன்று மேஜைகளுக்குப் பிரித்துப் போடுவான். கம்பளியின் எண்ணெய் ஊறி அவன் விரல் நுனிகள் குழந்தையின் உள்ளங்கால் போல மெத்தென்று இருக்கும். அந்த விரல்களால் ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் அவன் தொடுவதைப் பார்த்தால், தூங்குகிற எதையோ எழுப்பாமல் நகர்த்துகிறான் என்று தோன்றும்.

ட்ரோன், சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. பழசு. நான்கு விசிறிகளில் மூன்று கறுப்பு, ஒன்று சாம்பல். ஊர் அதற்குத் தேனீ என்று பேர் வைத்தது. காணாமல் போன ஆட்டைத் தேட இரண்டொரு முறை உதவியிருக்கிறது. மற்றபடி எதற்குமில்லை. பனி விழுந்த மறுநாள் கூரைகள் மேலிருந்து எப்படி இருக்கின்றன என்று பார்ப்பான். பார்த்துவிட்டு இறக்கிவிடுவான்.

இவ்வளவு எச்சரிக்கை அவனோடு கூடப் பிறந்ததல்ல. தேனீ வந்த முதல் மாதம், அந்தப் பக்கம் ஹா ந்தீசாவில் மருத்துவமனையை ஒட்டிய மண் ஓடுதளத்தை மேலிருந்து பார்க்கும் ஆசையில் பள்ளத்தாக்கைத் தாண்டி விட்டான். அதே நேரத்தில் தலைநகரத்திலிருந்து மருந்தும் டாக்டரும் ஏற்றிய சின்ன விமானம் இறங்க வந்தது. வந்தது, சட்டென்று மூக்கைத் தூக்கி விலகிப் போனது. விமானத்தைத் தானும் நெருக்கத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் மொலேஃபி வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தான். சாயங்காலம் வாசலில் ஒரு குதிரை வந்து நின்றது. ஓடுதளத்தில் ஆடு விரட்டுவதும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைக் கம்பத்தில் கட்டுவதும், விமானத்தோடு ரேடியோவில் பேசுவதும் ஃபூசியின் வேலை. நேரே பறந்தால் இரண்டு கிலோமீட்டர். பள்ளத்தில் இறங்கி ஏறினால் குதிரைக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் சேர்த்து வைத்ததை ஃபூசி வாசலிலேயே கொட்டினான். கொட்டி முடித்ததும் பசித்தது. மொலேஃபி வீட்டுக் களியையும் கீரையையும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு, "நாளைக்கு வந்து கேப்டன்கிட்ட நீயே பேசு" என்றான்.

மறுநாள் போனான். விமானம் ஓட்டுகிற பெண், கேப்டன் டினேயோ, மருத்துவமனைச் சமையலறைப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. உள்ளே கையை நீட்டிக் கூடையிலிருந்து ஒரு பெரிய உருளைக்கிழங்கை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"உன்னோடது இவ்வளவு எடை இருக்குமா?"

"இன்னும் கொஞ்சம் கூட இருக்கும், ம்மே."

"இதை நீ என் மேல எறிஞ்சா எனக்கு வீங்கும், அவ்வளவுதான். நான் ப்ளேன்ல வந்து இது மேல மோதினா?"

அவன் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தத் தளத்துக்கு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நேத்து உயரத்துல இருந்தப்பவே பார்த்துட்டேன், திரும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் தாழ வந்திருந்தா திரும்ப வழி கிடையாது. உள்ள நாலு பேர் இருந்தாங்க."

அப்போது சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பாடம் முடிஞ்சா அந்தக் கெழங்கைக் குடுங்க. மத்தியானத்துக்கு அதுவும் வேணும்."

அது மோசா. ஃபூசியின் தங்கை. பிரசவத்துக்காக முன்கூட்டியே வந்து தங்கும் பெண்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். மொலேஃபி கிழங்கைக் கொடுத்தான். அடுத்த வாரமும் ஏதோ காரணம் சொல்லிப் போனான். அதற்கடுத்த வாரம் காரணம் கிடைக்காமல் சும்மாவே போனான். பரிசமாக மாடுகள் இங்கிருந்து அங்கே போயின. மோசா அங்கிருந்து இங்கே வந்தாள். கல்யாணத்தன்றே அவளுக்கு மா-லெசெலி, லெசெலியின் அம்மா, என்று பெயர் வைத்தார்கள். லெசெலி அப்போது எங்குமே இல்லை. இல்லாத பிள்ளைக்கு அம்மாவாக அவள் இரண்டு வருடம் இருந்தாள்.

பிறகு உண்டானாள். ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குப் போனாள்.

தலைப்பிள்ளைக்குப் போனவளைப் புருஷன் போய்ப் பார்ப்பதில்லை. எப்படியிருக்கிறாள் என்று கேட்பதுமில்லை. வலி எடுத்தது, தள்ளிப் போனது, எதுவும் அவன் காதுக்கு வரக் கூடாது. பிறந்த பிறகு ஆள் வரும். ஆண் என்றால் முதுகில் குச்சியால் நாலு சாத்து. பெண் என்றால் தலையில் தண்ணீர். அடியோ ஈரமோ, அதுதான் செய்தி. போன் வந்த காலத்திலும் இது மாறவில்லை. மோசாவின் போனை அவள் அம்மா மாவுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆனால் தேனீயைப் பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. சனிக்கிழமைகளில் விமானம் கிடையாது. ஃபூசியிடம் கேட்டுக்கொண்டு மொலேஃபி அதைப் பள்ளத்தாக்கின் பாதி வரைக்கும் விடுவான். பாதிதான். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, ஓடுதளமும் கிட்டே வந்துவிடும். அந்தப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பான். எதிர்ப் பாறையின் விளிம்பில் ஒரு பயறு அளவுக்கு மஞ்சள் தெரியும். மோசாவின் மஞ்சள் கம்பளி. மஞ்சளிலிருந்து ஒரு கோடு எழும்பி அசையும், அது கை. பிறகு அந்தக் கை மஞ்சளின் நடுவில் போய் நிற்கும்; அது வயிறு. மொலேஃபி தேனீயை ஒரு சாண் ஏற்றி ஒரு சாண் இறக்குவான். அவ்வளவுதான் பேச்சு. அந்த நேரம் பார்த்து மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்துவாள். அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் மட்டும் அவ்வளவு துணி.

அக்டோபரில் கம்பளி வெட்டும் மும்முரம் தொடங்கியது. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பாறை விளிம்பில் மஞ்சள் இல்லை. காற்று பலமாக இருக்கிறது, அதனால் வெளியே வரவில்லை என்று மொலேஃபி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொடியில் துணியும் இல்லை. அதையும் காற்றின் கணக்கில் போட்டான்.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மொலேஃபி." ஃபூசி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாள் ஆகிறது.

"சொல்லு மச்சான்."

"இன்னைக்கு விடாத."

"விடுற எண்ணமே இல்ல. கோயிலுக்குப் போறேன். ஏன்?"

"பத்தரைக்கு ப்ளேன் வருது."

"ஞாயித்துக்கிழமையா?"

"ம்."

"யாருக்கு?"

அந்தப் பக்கம் காற்றுப்பையின் கயிறு கம்பத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுத்துவட்டத்துல யாரு ட்ரோன் வச்சிருந்தாலும் சொல்லிரணும்னு கேப்டன் உத்தரவு. சொல்லிட்டேன்."

"சுத்துவட்டத்துல நான் ஒருத்தன்தானே வச்சிருக்கேன்."

"அதான் ஒருத்தன்கிட்ட சொன்னேன்."

"ஃபூசி, யாருக்கு?"

"நீ கேக்கக் கூடாது. நான் சொல்லக் கூடாது. ஆட்டை விரட்டணும். வைக்கிறேன்."

பிரசவ விடுதியில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு என்றால் ஃபூசி பேரைச் சொல்லியிருப்பான், ஊரையும் சொல்லியிருப்பான், புருஷன் குடிகாரன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். மொலேஃபி தேவாலயத்துக்குப் போகவில்லை. ட்ரோன் பெட்டியை எடுத்துக்கொண்டு குன்றில் ஏறினான். ஏன் அதை எடுத்தான் என்று அவனைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டான்.

பாதி வழியில் மா-புலெங் பிடித்துவிட்டாள். கொட்டகையில் பக்கத்து மேஜைக்காரி. ஐந்து பெற்றவள். கையில் ஒரு தகரக் குவளையில் புளித்த சோளக் கஞ்சி.

"பாட்டு நடக்குறப்ப கோயில் வாசலைத் தாண்டி ஓடுறியே, பாதிரியார் பார்த்துட்டார். என்னடா தம்பி?"

சொன்னான். அவள் குவளையைக் கல்லின் மேல் வைத்தாள். இருவரும் உச்சிக்குப் போய் நின்றார்கள். எதிரே ஓடுதளம் ஒரு பழுப்பு நாடாவாகக் கிடந்தது. அதன் மேல் சில புள்ளிகள் ஓடின, ஆடுகள். அவற்றின் பின்னால் ஒரு புள்ளி, ஃபூசி.

"உயிரோட இருக்காளான்னு கூடத் தெரியல அக்கா."

"வாயைக் கழுவு." பிறகு அவள் பெட்டியைப் பார்த்தாள். "அதான் கொண்டாந்திருக்கியே. குதிரைக்கு நாலு மணி நேரம், இதுக்கு நாலு நிமிஷம். அவ முகத்தைப் பார்த்துட்டு வந்துரட்டும்."

"ப்ளேன் வருது."

"எங்க வருது? எனக்கு ஒண்ணும் கேக்கல."

"பத்தரைக்கு."

"இப்ப பத்து பத்து. நாலும் நாலும் எட்டு. நான் படிக்காதவ, எனக்கே கணக்கு வருது."

அவன் பெட்டியைத் திறந்தான். விசிறிகளை விரித்தான். பேட்டரியைப் போட்டான், நான்கு விளக்கும் பச்சை. தொப்பியைக் கழற்றினான். வாயைத் திறந்துகொண்டு சுற்றினான். கீழே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் குரைத்தது. வேறு எதுவும் இல்லை. வானம் அவ்வளவு காலியாக இருந்தது. எட்டு நிமிடம். அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். கை அசைகிறதா என்று மட்டும்.

கண்ணைத் திறந்தான். வழக்கமாக அடுத்தது ஃபூசிக்குப் போன். அந்தப் போன் இன்று அங்கிருந்தே வந்தாகிவிட்டது.

குனிந்து பேட்டரியைப் பிடுங்கினான்.

"அக்கா, இதைப் பிடி."

"என்னத்துக்கு?"

"என் கையில இருந்தா போட்டுருவேன்."

மா-புலெங் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பேட்டரியை வாங்கித் தரையில் வைத்து, பாவாடையை ஒதுக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "சுடுது. எத்தனை மணி நேரம் அடைகாக்கணும்? குஞ்சு என்ன நிறத்துல வரும்?"

அவன் சிரிக்க நினைத்தான். முகம் வேறெதையோ செய்தது.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தியே, வடக்கு முகட்டுக்குப் பின்னாலிருந்து விமானம் திடீரென்று வெளியே வந்தது. முகட்டைத் தாண்டும்வரை சத்தமே இல்லை. மலை அதை அடைத்து வைத்திருந்தது. பள்ளத்தாக்கின் நடுவாக, சனிக்கிழமைகளில் தேனீ நின்று காத்திருக்கும் உயரத்தில் அது தாழ்ந்து போனதை மா-புலெங் பார்த்தாள். பாவாடையை இன்னும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இறங்கியது. தூசி எழுந்தது. தூசி அடங்கியபோது சில புள்ளிகள் விமானத்தை நோக்கிப் போயின. மெதுவாக, எதையோ தூக்கிக்கொண்டு போகிறவர்களின் நடை. மொலேஃபி போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தான். சதுரம் சதுரமாக உடைந்த நிறங்கள். அவற்றில் ஒன்று மஞ்சள் என்று நினைத்தால் மஞ்சள். இல்லை என்று நினைத்தால் வெயில்.

"தெரியுதா?" என்றாள் மா-புலெங்.

"தெரியல."

"மஞ்சள்தான்" என்றாள் அவள், பார்க்காமலேயே.

விமானம் திரும்பி ஓடியது. ஓடுதளம் முடிகிற இடத்தில் பூமியும் முடிகிறது. விளிம்பைத் தாண்டியதும் அது கீழே விழுந்து, பள்ளத்துக்குள் மறைந்து, பிறகு இறக்கையை விரித்த மாதிரி மேலே வந்தது. எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு அந்த மறைகிற நேரம் நீளமாக இருந்தது.

மேலே வந்த விமானம் மேற்கே போக வேண்டும். போகவில்லை. பள்ளத்தாக்குக்குள்ளேயே அகலமாக, மெல்லச் சாய்ந்து ஒரு சுற்று சுற்றியது. மறுபடி ஒன்று. குன்றின் பக்கமாக வரும்போது அதன் ஜன்னல்கள் அவர்கள் நின்ற உயரத்துக்கே வந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் சூரியன் இருந்தது, வேறு யாரும் தெரியவில்லை.

"ஏன் சுத்துறா அந்தக் கேப்டன்? வழி மறந்துட்டாளா?"

இயந்திரம் கெட்டுவிட்டது என்று மொலேஃபி நினைத்தான். பிறகு அதைவிட மோசமான ஒன்றை நினைத்தான்: இனி அவசரமில்லை என்பதால் சுற்றுகிறார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் விமானம் நிமிர்ந்து, ஏறி, மேற்கு முகட்டுக்குப் பின்னால் போனது. சத்தம் போன பிறகும் அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

அன்றைய மீதிப் பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மா-புலெங் பேட்டரியைத் திருப்பித் தரவில்லை. "நாளைக்கு வாங்கிக்க" என்றாள். கஞ்சியை மட்டும் குடிக்க வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மொலேஃபி மேஜையில் குனிந்து ஒரு நல்ல கம்பளியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். நைஸா முரடா என்று மூன்று தடவை உருட்டியும் விரல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் குதிரைச் சாணி வாசனை. திரும்புவதற்குள் ஒரு முழு வாளித் தண்ணீர், மலையோடையின் சில்லிப்போடு, உச்சந்தலையில் இறங்கியது. இன்னொரு வாளி கழுத்தில். மோசாவின் சித்தியும் இன்னொரு பெண்ணும் வாளிகளைத் தரையில் போட்டுவிட்டுக் குலவையிட்டார்கள். கொட்டகை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளர் மட்டும் ஓடி வந்தார். "கம்பளி! கம்பளி நனையுது! ஈரக் கம்பளியை எப்படிக் கட்டுவேன்? வெளிய வச்சு ஊத்தக் கூடாதா?"

"உங்க ஆட்டுக்கும் சேர்த்துக் குளிப்பாட்டிட்டோம் ஐயா, கூலி வேண்டாம்" என்றாள் சித்தி.

மொலேஃபி சொட்டச் சொட்ட நின்றான். பெண். சரி, பெண். அவனுக்கு வேண்டிய செய்தி தண்ணீரில் பாதிதான் இருந்தது. மீதியைக் கேட்க வழக்கத்தில் இடமில்லை.

சித்தி அவன் முகத்தைப் பார்த்தாள். முந்தானைக் கம்பளியால் அவன் காதைத் துடைக்கிற சாக்கில் கிட்டே வந்தாள். "பச்சைப் பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா? நீயா? ரெண்டு பேரும் திங்குறாங்க, தூங்குறாங்க. போ, சட்டையை மாத்து."

அவன் சட்டையை மாற்றவில்லை. சாயங்காலம்வரை ஈரத்தோடு வேலை செய்தான். அன்று அவன் பிரித்ததெல்லாம் நைஸ் மேஜைக்கே போனதாக மா-புலெங் பிறகு சொன்னாள்; அவள்தான் ஓசைப்படாமல் மாற்றி மாற்றிப் போட்டாளாம்.

ஜனவரியில், மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயில் நாளில், மோசா குதிரையில் வந்து இறங்கினாள். முதுகில் மஞ்சள் கம்பளிக்குள் லெசெலி. மூன்று மாதமாக மொலேஃபி அந்தச் சுற்றுகளைப் பற்றி ஃபூசியிடம் கேட்கவே இல்லை. என்ன பதில் வரும் என்ற பயம், எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் விடவில்லை. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டான்.

"அதுவா?" என்றாள் மோசா. "ரெண்டு நாள் வலியிலயும் வயித்துல நகராம கிடந்த இவ, ப்ளேன் விளிம்புல இருந்து விழுந்துச்சு பாரு, அந்தக் குலுக்கல்ல இறங்கிட்டா. நர்ஸ் கத்துறா, தலை தெரியுது, ஆட்டாதீங்கன்னு. கேப்டன் சொன்னாங்க, முகட்டைத் தாண்டினா காத்து தூக்கித் தூக்கிப் போடும், இந்தப் பள்ளத்துக்குள்ளதான் அசையாம இருக்கும், இங்கயே சுத்துறேன்னு. ரேடியோவுல அண்ணன்கிட்ட கேட்டாங்க, ஹா மொலாபோ பக்கம் வானம் காலியான்னு."

"அவன் எனக்குப் போன் பண்ணலையே."

"யாருக்கும் பண்ணல. கேட்ட உடனே காலின்னுட்டான்."

லெசெலி பிறந்தது மூன்றாவது சுற்றில், அவன் நின்றிருந்த குன்றுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில்.